முந்திவந்த குரல்

1963 ஏப்ரலில், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்ட் நகரில், ஒரு சிறிய ஸ்டுடியோவுக்குள் 'தி கிங்ஸ்மென்' என்ற இளைஞர் குழு நுழைந்தது. பதிவு செய்யவேண்டிய பாடல் 'லூயி லூயி'. ரிச்சர்ட் பெர்ரி எழுதி 1957-இல் வெளியிட்ட பழைய பாடல்தான். பாடகர் ஜாக் ஈலியின் தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில் மைக் தொங்கிக்கொண்டிருந்தது. பல்லில் கம்பி வேறு கட்டியிருந்தார். அண்ணாந்து பார்த்துக் கத்தினால்தான் குரல் கிட்டாரையும் டிரம்ஸையும் மீறி மைக்கைப் போய்ச் சேரும்.

நடுவில் கிட்டார் தனியாக வாசித்து முடித்தது. மூன்றாவது சரணத்தை எடுக்கவேண்டிய இடம் இன்னும் வரவில்லை. ஈலி முந்திக்கொண்டார். ஓரிரு சொல் வாயிலிருந்து வந்ததும் தவறு புரிந்து சட்டென்று நிறுத்தினார். விழுந்த இடைவெளியை டிரம்ஸ் வாசித்த லின் ஈஸ்டன் ஓர் உருட்டலால் அடைத்தார். சுற்று முடிந்தது, ஈலி சரியான இடத்தில் மறுபடியும் எடுத்தார். பாடல் தடையில்லாமல் ஓடி முடிந்தது. ஒரே டேக். அதையே இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் அது இரண்டாம் இடம் வரை ஏறியது.

கேட்டவர்களில் இசை படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனாலும் அந்த முந்தல் எல்லோருக்கும் கேட்டது. தாளம் என்றால் என்னவென்று விளக்கத் தெரியாதவர்கூட, குரல் தப்பான இடத்தில் வந்துவிட்டது என்று நொடிக்குள் உணர்ந்துவிடுகிறார். அது எப்படி என்பதிலிருந்துதான் இந்த அத்தியாயத்தைத் தொடங்கவேண்டும். பாட்டில் நேர்ந்த பிழை, பாட்டைக் கேட்கும் மூளை எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும் இடம். எல்லாம் சரியாக நடக்கும்போது அந்த வேலை நம் கண்ணில் படுவதேயில்லை.

காது வந்த ஒலியை வாங்கிக்கொள்வதோடு விஷயம் முடிவதில்லை. அடுத்து வரப்போவது என்ன, எப்போது வரும் என்று மூளை ஓயாமல் கணித்துக்கொண்டே இருக்கிறது. 1978-இல் பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டனனும் உடன் ஆய்வாளர்களும் இதை மின்னலைகளில் பிடித்துக் காட்டினார்கள். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, எப்போதாவது ஒருமுறை சற்று மாறுபட்ட ஒலியைச் செருகினார்கள். மாறுபட்ட ஒலி வந்த ஐந்தில் ஒரு நொடிக்குள் தலையில் பொருத்திய மின்முனைகளில் தனியாக ஓர் எதிர்மின் அலை பதிவானது. கேட்பவர் அந்த ஒலிகளைக் கவனிக்கவேண்டும் என்றுகூட இல்லை. அவர் பாட்டுக்குப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாலும் அலை எழுகிறது. ஜெர்மனியின் ஸ்டெஃபான் கோல்ஷ் 2000-இல் இதே வகைச் சோதனையை இசைக்கோவைகளைக் கொண்டு செய்தார். மேற்கத்திய இசையின் வழக்கமான ஸ்வரக்கூட்டுகளுக்கு நடுவே பொருந்தாத ஒரு கூட்டைச் சேர்த்தபோது, இசைப் பயிற்சியே இல்லாதவர்களின் மூளையும் ஏறத்தாழ அதே வேகத்தில் 'இது இங்கே வராதே' என்று பதில் சொன்னது.

காலக்கணக்கில் காது இன்னும் கறாரானது. ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஃப்ரிபெர்க், சுண்ட்பெர்க் இருவரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சீராக வரும் வேகமான தட்டல்களில் ஒரே ஒரு தட்டல் 6 மில்லிநொடி அளவுக்கு இடம் மாறினால் போதும், காது கண்டுபிடித்துவிடுகிறது. இமைக்கும் நேரத்தில் இது சிறு பங்கு. அப்படிப்பட்ட காதுக்கு முன்னால் ஜாக் ஈலியின் முந்தல் ஒளிந்துகொள்ள வழியே இல்லை.

அப்படியானால் எல்லாப் பிழையும் உடனே மாட்டிக்கொள்ளுமா? கொள்ளாது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு இதைப் பற்றியதுதான். அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் இருந்த புரூனோ ரெப், தேர்ந்த பியானோ மாணவர்களை வாசிக்கச் சொல்லி, எந்தக் கட்டையை எப்போது அழுத்தினார்கள் என்பதைக் கணினியில் பதிவு செய்தார். பிழைகள் ஏராளமாக இருந்தன. பிறகு அந்தப் பதிவுகளை வேறு பியானோ கலைஞர்களுக்குப் போட்டுக்காட்டிப் பிழைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னார். கேட்டவர்கள் துறை அறிந்தவர்கள். வேலையே பிழை பிடிப்பதுதான். அப்படியும் அவர்கள் பிடித்தது பாதிக்கும் குறைவு. 1996-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு, துல்லியமின்மையையே ஒரு கலையாகச் சொல்லித் தலைப்பு வைத்தார் ரெப்.

தப்பிய பிழைகளில் ஓர் ஒழுங்கு இருந்தது. பெரும்பாலானவை மேலே ஓடும் மெட்டில் இல்லை. நடுவில் துணையாக ஒலிக்கும் ஸ்வரங்களில் இருந்தன. தப்பாக விழுந்த ஸ்வரமும் அந்த இடத்துக்கு ஓரளவு பொருந்தக்கூடியதாகவே இருந்தது. பயிற்சி பெற்ற விரல் தப்பும்போதுகூட ராகத்துக்கு வெகு தூரம் போய் விழுவதில்லை என்று நம் ஊர் வழக்கில் சொல்லலாம். மூளையின் கணிப்பு மெட்டின் மேல்தான் கண்ணாக இருக்கிறது. மெட்டு தவறாமல் வந்தால் மற்றவற்றை அது சோதித்துப் பார்ப்பதில்லை.

வாசிப்பவர் பக்கம் இதைவிட வியப்பானது நடக்கிறது. 2009-இல் கிளெமென்ஸ் மைடோஃப் குழுவினர், மனப்பாடமான பாடங்களை வேகமாக வாசிக்கும் பியானோ கலைஞர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். தப்பான கட்டை அழுந்துவதற்கு ஏறத்தாழ 100 மில்லிநொடிக்கு முன்பே மூளையில் ஒரு மாற்றம் தென்பட்டது. தப்பு நடக்கப்போவது, நடப்பதற்கு முன்பே கலைஞரின் மூளைக்குத் தெரிந்துவிடுகிறது. விரலோ கிளம்பிவிட்டது, திருப்பி அழைக்க நேரமில்லை. இருந்தாலும் அந்தச் சிறு இடைவெளியில் மூளை ஏதோ செய்கிறது: தப்பான ஸ்வரங்கள், சரியான ஸ்வரங்களைவிடச் சற்று மென்மையாக அழுத்தப்பட்டிருந்தன. நிறுத்த முடியாத பிழையின் குரலைக் கொஞ்சம் தணிக்கவாவது முடிந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்தவர்களின் பிழை காதில் உறுத்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேடையில் நேர்ந்த பிழையைச் சமாளிப்பதை முழுப் பெருமையோடு செய்து காட்டியவர் ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். 1960 பிப்ரவரி 13 அன்று பெர்லினில் பாடிய கச்சேரியில், 'மேக் தி நைஃப்' பாடலின் நடுவே அவருக்கு வரிகள் மறந்துவிட்டன. நிறுத்தவில்லை. தாளம் ஓட, மெட்டு ஓட, மறந்துபோனதையே பாட்டின் பொருளாக்கிப் புதிய வரிகளை அங்கேயே கட்டிப் பாடினார். முன்பு அதே பாடலைப் பாடிப் புகழடைந்தவர்களின் பெயர்களையும் உள்ளே கொண்டுவந்தார். பிறகு லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலை எடுத்துக்கொண்டார். வரிகள் நினைவில் இருந்திருந்தால் ஒரு நல்ல பாட்டு நமக்குக் கிடைத்திருக்கும். மறந்ததால், ஒரு பெரும் கலைஞரின் மனம் ஓடும் வேகமே நமக்குக் கேட்கக் கிடைத்தது. அந்தப் பதிவுக்குத்தான் மறு ஆண்டு கிராமி விருது கொடுத்தார்கள்.

இதுவரை பாடுபவர், வாசிப்பவரின் பிழைகள். பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒலிகள் உள்ளே நுழைந்துவிடுவது வேறு வகை. பீச் பாய்ஸ் குழு 1964-இல் வெளியிட்ட 'வெண்டி' பாடலில், ஆர்கன் தனியாக வாசிக்கும் இடத்தில் யாரோ இருமுகிறார்கள். தெளிவான இருமல். ஆனால் அந்தப் பாடலைப் பலமுறை கேட்டவர்களிலும் அதைக் கவனிக்காதவர்கள் உண்டு. லெட் ஸெப்பலினின் 'தி ஓஷன்' பாடலில் பின்னணியில் ஒரு தொலைபேசி மணி ஒலிக்கிறது. அதுவும் அப்படித்தான்.

இருமலை வைத்தே ஒரு புகழ்பெற்ற சோதனை நடந்திருக்கிறது. 1970-இல் ரிச்சர்ட் வாரன் ஒரு வாக்கியத்தைப் பதிவு செய்து, அதில் ஒரு சொல்லின் நடுவே இருந்த 'ஸ்' ஒலியை மட்டும் சுத்தமாக வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். 20 பேருக்குப் போட்டுக்காட்டினார். ஏதாவது ஒலி விடுபட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு 19 பேர் இல்லை என்றார்கள். மிச்சமிருந்த ஒருவர் வேறேதோ ஒலி விடுபட்டதாகச் சொன்னார். இருமல் எந்த இடத்தில் வந்தது என்பதையும் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. இல்லாத 'ஸ்' ஒலியை மூளையே தயாரித்துக் கொடுத்துவிட்டு, இருமலைத் தனியாகத் தூக்கி வாக்கியத்துக்கு வெளியே வைத்துவிட்டது. கலந்து வரும் ஒலிகளை 'இவை எல்லாம் ஒன்றிலிருந்து வருபவை, இது வேறு' என்று பிரித்து ஓடைகளாக்கும் இந்தத் திறனை ஆல்பர்ட் பிரெக்மன் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். ஆர்கன் ஓர் ஓடை. இருமல் இன்னொன்று. நாம் முதல் ஓடையைத்தான் கேட்க உட்கார்ந்திருக்கிறோம்.

ஆனால் ஒருமுறை யாராவது சுட்டிக்காட்டிவிட்டால் கதை மாறிவிடுகிறது. பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' 1968 ஜூலை இறுதியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலுமாக லண்டன் டிரைடென்ட் ஸ்டுடியோவில் பதிவானது. பாட்டின் மூன்றாவது நிமிடம் முடியும் தறுவாயில், பின்னால் ஒருவர் ஒரு வசைச்சொல்லை உதிர்க்கிறார். வைதது பால் மெக்கார்ட்னியா, ஜான் லெனனா, எதனால் வைதார் என்பதில் கூட இருந்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கோடிக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் கேட்டும் பெரும்பாலோர் காதில் அது விழவில்லை. இடம் சொல்லிக் கேட்கவைத்தால் விழுகிறது. அதன் பிறகு விழாமல் இருப்பதில்லை. 1981-இல் ராபர்ட் ரெமெஸ் குழுவினர் ஆய்வகத்தில் இதே திருப்பத்தை உண்டாக்கினார்கள். பேச்சொலியிலிருந்து மூன்றே மூன்று சுத்தமான சீழ்க்கைக் கீற்றுகளை மட்டும் விட்டுவைத்து மற்ற எல்லாவற்றையும் நீக்கினார்கள். முன்னறிவிப்பின்றிக் கேட்டவர்களில் பலருக்கு அது ஏதோ பறவைச் சத்தம், இயந்திரச் சத்தம். இது ஒரு வாக்கியம் என்று சொல்லிவிட்டுப் போட்டபோது சொற்கள் கேட்டன. ஒலி ஒன்றேதான், கேட்பவரின் எதிர்பார்ப்பு மட்டும் மாறியிருந்தது.

'லூயி லூயி'யின் பின்கதை இதன் விபரீத வடிவம். ஈலி அண்ணாந்து கத்தியதில் சொற்கள் குழம்பிப்போயின. ஆபாசமான வரிகள் உள்ளே இருக்கின்றன என்று வதந்தி கிளம்பியது. இப்படித்தான் வரிகள் என்று கையால் எழுதிய தாள்கள் மாணவர்களிடையே சுற்றின. தாளைப் படித்துவிட்டுக் கேட்டவர்களுக்கு அதில் இருந்ததே கேட்டது. இண்டியானா மாநில ஆளுநர் வரைக்கும் புகார் போனது. அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அந்தத் தட்டை ஆய்வகத்துக்கு அனுப்பி, வெவ்வேறு வேகங்களில் ஓடவிட்டுப் பார்த்தது. எந்த வேகத்திலும் சொற்கள் விளங்கவில்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். உண்மையான வரிகள், காதலியைப் பார்க்கக் கப்பலேறும் ஒரு மாலுமியைப் பற்றியவை.

சில ஒலிகள் மட்டும் எந்தச் சுட்டலும் இல்லாமல் காதைப் போய்ப் பிடிக்கும். லெட் ஸெப்பலினின் 1970-ஆம் ஆண்டு ஆல்பத்தில் 'சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ' என்ற மெதுவான பாடல் இருக்கிறது. அதில் ஜான் பான்ஹம் காலால் மிதித்து வாசிக்கும் பெரிய டிரம்மின் மிதிகட்டை கிறீச்சிடுகிறது, ஒவ்வொரு மிதிக்கும். எண்ணெய் போடாத கதவுக் கீல் எழுப்பும் அதே வகைச் சத்தம். டிரம்மின் ஒலி அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. ஆனால் டிரம் கீழ்ச்சுருதியில் இருக்கிறது. கிறீச்சொலி மேலே இருக்கிறது. மனிதக் காதுக்குழாய் 2,500 முதல் 3,500 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத் தானாகவே பெருக்கிக் கொடுக்கும் அமைப்புடையது. அந்தப் பகுதியில் மிகச் சிறிய சத்தத்துக்கும் நமக்குக் கூர்மை அதிகம். ஓர் ஒலி இன்னொன்றை மறைக்கவேண்டுமானால் இரண்டும் அதிர்வெண்ணில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவேண்டும். உச்சத்தில் தனியாக நிற்கும் கிறீச்சொலியை மறைக்க, மெதுவான அந்தப் பாடலில் எதுவும் இல்லை. இசைத்தட்டின் உரசல் இரைச்சலில் ஓரளவு அமுங்கியிருந்த அது, குறுந்தகடாகச் சுத்தம் செய்து வந்தபோது முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

பீட்டில்ஸின் 'எ டே இன் தி லைஃப்' பாடலின் கடைசிக் கூட்டொலியும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1967 பிப்ரவரி 22 அன்று பல பியானோக்களில் ஒரே கணத்தில் ஒரே கூட்டை அடித்தார்கள். ஒலி தேயத் தேய, ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் மைக்குகளின் ஒலியளவை ஏற்றிக்கொண்டே போனார். முக்கால் நிமிடம் போல அந்தக் கூட்டு உயிரோடு நின்றது. முடியும் இடத்தில் மைக்குகள் அறையின் மூச்சையே வாங்கும் அளவுக்குத் திறந்திருந்தன. ஒரு நாற்காலி முனகுவது கேட்கிறது. அதே பாடலின் நடுவில், இன்னும் என்ன சேர்ப்பது என்று முடிவாகாத 24 தாளச் சுற்றுகளை, உதவியாளர் மால் எவன்ஸ் உரக்க எண்ணிக் காலியாக விட்டிருந்தார்கள். எண்ணி முடித்த இடத்தைக் குறிக்க ஓர் அலாரம் கடிகாரம் அடித்தது. பிறகு அங்கே பெரிய வாத்தியக் குழுவின் இசை சேர்ந்தது. கடிகார மணியை மட்டும் நாடாவிலிருந்து எடுக்க முடியவில்லை. அதன் பின்னால் வரும் பகுதி, ஒருவன் தூக்கத்திலிருந்து எழுவதில் தொடங்குகிறது! மணி அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

எடுக்க முடியவில்லை என்பது அந்தக் காலத்தில் வெறும் சாக்கு அல்ல. ஒரே அறையில் எல்லோரும் சேர்ந்து வாசித்தால் ஒவ்வொருவர் ஒலியும் அடுத்தவர் மைக்கிலும் பதிவாகும். பாடகரின் பிழையை அழிக்கப்போனால் டிரம்ஸும் அழியும். நம் சென்னை ஸ்டுடியோக்களில் நெடுங்காலம் திரைப்பாடல்கள் பதிவானதும் இப்படித்தான். பாடகரும் முழு வாத்தியக் குழுவும் ஒன்றாக உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை போகவேண்டும். கடைசிச் சரணத்தில் யாராவது ஒருவர் சறுக்கினால் அத்தனை பேரும் மறுபடியும் முதல் ஸ்வரத்திலிருந்து தொடங்கவேண்டும். அப்படி எடுத்த பதிவில் சிறு கீறல் தங்கியிருந்தால், அந்தக் கீறலுக்காகக் கிடைத்தற்கரிய ஒரு பாவத்தை இழப்பதா என்ற கேள்வி வரும். தயாரிப்பாளரும் இசையமைப்பாளரும் அதை அங்கேயே நின்று முடிவு செய்யவேண்டும். பிழை தங்கிய பாடல்கள் பலவற்றில் தங்கியது சோம்பலால் அல்ல. அந்த டேக்கில் வேறேதோ ஒன்று, இரண்டாம் முறை வராது என்று தெரிந்த ஒன்று, இருந்தது.

காந்த நாடாவுக்கென்று சொந்தமான பிழைகளும் உண்டு. டேப் ரிக்கார்டர் காலத்தவர்களுக்கு இது பழக்கம்: பாட்டு தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால், மௌனத்தில், அதே பாட்டின் முதல் சொல் எங்கோ தொலைவில் ஒலிப்பதுபோல் லேசாகக் கேட்கும். சுருளில் நாடா அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கிறது. ஓர் அடுக்கின் காந்தப்பதிவு, மேலும் கீழும் ஒட்டிக் கிடக்கும் அடுக்குகளில் மெல்லப் பதிகிறது. மை காயாத தாளை மடித்தால் எதிர்ப்பக்கத்தில் எழுத்து ஒற்றிக்கொள்வது போல. நாடா எவ்வளவு மெலிதோ அவ்வளவு அதிகம் ஒற்றும். 90 நிமிடக் கேசட்டில் 60 நிமிடக் கேசட்டைவிடக் கூடுதலாகக் கேட்டது அதனால்தான். தொழில்முறை ஸ்டுடியோக்கள் நாடாவை முடிவு வெளியே இருக்கும்படி சுற்றி வைத்தன. அப்படி வைத்தால் ஒற்றல் ஒலிக்கு முன்னால் வராமல் பின்னால் வரும். பாட்டின் ஒலியிலேயே அது மறைந்துவிடும்.

லெட் ஸெப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' (1969) பாடலில் ராபர்ட் பிளான்ட்டின் குரலுக்கு முன்னால் இன்னொரு மெல்லிய குரல் கேட்பது இதன் அண்ணன்தம்பி வகை. ஒலிப்பதிவாளர் எடி கிரேமர் சொன்ன விளக்கம் இது: வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய குரல் டேக் ஒன்று நாடாவின் வேறொரு டிராக்கில் இருந்தது. அதன் ஒலியளவை முற்றிலும் இறக்கியும் கசிந்துகொண்டே இருந்தது. மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்று குரல் மட்டும் தனித்து வரும் இடம் அது, ஒளிக்க வழியில்லை. கிரேமரும் குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜும் எதிர்த்திசையில் போனார்கள். கசிவின் மேல் எதிரொலியைச் சேர்த்து அதைப் பெரிதாக்கினார்கள். இன்று அந்தப் பாடலில் பலருக்கும் மயிர்க்கூச்செறியும் இடம் அதுதான்.

இயந்திரத்தின் பிழை ஒரு வாத்தியத்தின் குரலையே மாற்றிவிட்ட சம்பவமும் இருக்கிறது. நாஷ்வில் நகரத்து ஸ்டுடியோ ஒன்றில் மார்ட்டி ராபின்ஸ் 'டோன்ட் வொர்ரி' என்ற இனிமையான நாட்டுப்புறப் பாணிப் பாடலைப் பதிவு செய்தார். 1961-இல் வெளிவந்தது. நடுவில் கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் கிட்டாரில் தனியாக வாசிக்கிறார். அவர் வாசித்தது சென்ற கன்சோல் வழியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போயிருந்தது. மென்மையான பியானோவும் குரலும் ஒலிக்கும் இடத்தில், கிட்டார் மட்டும் கிழிந்த குரலில் உறுமியது. அழித்துவிட்டு மறுபடி எடுத்திருக்கலாம். விட்டுவைத்தார்கள். பாட்டு நாட்டுப்புற இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அந்த உறுமலுக்குள் இருக்கும் இயற்பியல் எளிது. சுத்தமான ஒலியலை மேடும் பள்ளமுமாக வழுவழுப்பாகப் போகும். மின்சுற்று தாங்கக்கூடிய எல்லையை மீறினால் மேட்டின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. தட்டையான அலையை உண்டாக்க ஒரே அதிர்வெண் போதாது. 100 ஹெர்ட்ஸ் ஒலி வெட்டுப்பட்டால் 300, 500, 700 என்று அதன் மடங்குகளும் கூடப் பிறக்கின்றன. அடியில் ஒலித்த ஒரே ஸ்வரத்துக்கு மேலே புதிதாக ஒரு கூட்டமே வந்து சேர்கிறது; கிட்டார் பித்தளைக் குழல்போல் முழங்குகிறது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி இந்தக் கெட்டுப்போன ஒலியை வேண்டும்போதெல்லாம் உண்டாக்க டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ஒரு சிறு கருவி அமைத்தார். கிப்ஸன் நிறுவனம் அதை வாங்கி 1962-இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் காலால் மிதித்து இயக்கும் பெட்டியாக விற்றது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாடிஸ்ஃபேக்‌ஷன்' பாடலைத் தொடங்கும் அந்தக் கிட்டார் ஒலி இந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான். கீத் ரிச்சர்ட்ஸ் அதையும் தற்காலிகமாகத்தான் வாசித்தார். பிறகு அந்த இடத்தில் பித்தளைக் குழல்களை வைக்கவேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஒரு பிழை எந்தக் கட்டத்தில் பாட்டின் உறுப்பாக மாறுகிறது? இசைத்தட்டு வருவதற்கு முன் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மேடையில் நேர்ந்த பிழை அந்தக் கணத்தோடு காற்றில் கரைந்துவிடும். பதிவு வந்ததும், அதே பிழை அதே இடத்தில் அதே அளவில் ஆயிரம் முறை திரும்ப வந்தது. நம் நினைவு இந்த விஷயத்தில் வியக்கத்தக்க துல்லியம் உடையது. 1994-இல் டேனியல் லெவிட்டின், 46 பேரிடம் அவர்களுக்குப் பிடித்த பாடலை நினைவிலிருந்து பாடச் சொன்னார். 40 விழுக்காட்டினர் இரண்டு முயற்சிகளில் ஒன்றிலாவது இசைத்தட்டில் இருக்கும் அதே சுருதியில் பாடினார்கள். பெரும்பாலோர் பாடகர்கள் அல்லர். வேகத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான முயற்சிகள் மூலப் பதிவின் வேகத்திலிருந்து 8 விழுக்காட்டுக்குள்ளேயே அமைந்தன. ஒரு பாட்டை நாம் மெட்டாக மட்டும் சேர்த்துவைப்பதில்லை. அந்தப் பதிவையே, அதன் முனகல்களோடும் இருமல்களோடும், சேர்த்துவைக்கிறோம்.

இங்கேதான் ஜம்ஷெட் பரூச்சா பிரித்துக் காட்டிய இரண்டு வகை எதிர்பார்ப்புகள் உதவுகின்றன. ஒன்று, பொதுவாக இசை இப்படித்தான் போகும் என்ற எதிர்பார்ப்பு. வாழ்நாள் முழுவதும் கேட்ட ஆயிரக்கணக்கான பாடல்களிலிருந்து அது தானாக ஊறிச் சேர்ந்தது. மற்றது, இந்தக் குறிப்பிட்ட பாட்டு இப்படித்தான் போகும் என்ற எதிர்பார்ப்பு. 'லூயி லூயி'யை நூறாவது முறை கேட்கும்போது இரண்டாவது வகை எதிர்பார்ப்புக்கு ஈலியின் முந்தல் சற்றும் தவறல்ல. அது வராவிட்டால்தான் தவறு. முதல் வகைக்கோ அது இன்றும் தவறுதான், ஏனென்றால் அந்த வகை தனிப்பட்ட பாட்டுகளை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒன்று தூக்கிவாரிப்போடுகிறது, மற்றது, வரும் என்று தெரிந்து காத்திருக்கிறது. பழகிய பிழை தரும் தனி இன்பத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தென்படவில்லை. முழுக்கச் சரியான பாட்டு எத்தனை முறை கேட்டாலும் இந்த இரட்டை உணர்வைத் தருவதில்லை.

மாமாஸ் அண்ட் பாபாஸ் குழுவின் 'ஐ சா ஹர் அகெய்ன்' (1966) பாடலில் இந்த இன்பத்தைச் சுத்தமாகக் கேட்கலாம். முடிவுப் பகுதிக்கான குரலைச் சேர்க்கும்போது ஒலிப்பதிவாளர் ஒரு கணம் முந்திவிட, டென்னி டோஹர்ட்டியின் குரல் பாதியில் எட்டிப்பார்த்துவிட்டு நின்று, பிறகு முழுதாக வருகிறது. தயாரிப்பாளர் லூ ஆட்லருக்கு அது பிடித்துப்போயிற்று. இன்று அந்தப் பாட்டைக் கூடச் சேர்ந்து பாடுபவர்கள் எல்லோரும் அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்தே பாடுகிறார்கள்.

1997-இல் ஆண்டி ஹில்டபிராண்டின் ஆட்டோ-டியூன் வந்த பிறகு பாடகரின் சுருதி விலகலைத் திருத்துவது சில நொடி வேலையாகிவிட்டது. தாளத்தையும் கணினிக் கட்டங்களில் நேராக நிறுத்திவிடலாம். இதில் எனக்கு ஒரு குறை உண்டு. பிழையைத் திருத்தும் கருவி, பிழை அல்லாததையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. 2011-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஹோல்கர் ஹென்னிக் குழுவினர், தேர்ந்த கலைஞர்கள் தாளக்கருவியோடு சேர்ந்து தட்டும்போது ஏற்படும் சில மில்லிநொடி விலகல்களை அளந்தார்கள். அவை தாறுமாறாக இல்லை. ஒரு விலகலின் சாயல் வெகுநேரம் கழித்து வரும் விலகலிலும் தொடர்ந்தது. கணினியில் செய்த தாளத்தில் இந்த ஒழுங்குடைய விலகல்களைச் சேர்த்தும், வெறும் தாறுமாறான விலகல்களைச் சேர்த்தும் போட்டுக்காட்டியபோது, கேட்டவர்கள் முதலாவதையே விரும்பினார்கள். 2015-இல் ஹென்னிக்கும் சகாக்களும் மைக்கேல் மெக்டொனால்டின் 1982-ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றில் ஜெஃப் போர்க்காரோ வாசித்த டிரம்ஸை எடுத்து ஆராய்ந்தார்கள். துல்லியத்துக்குப் பெயர்போன கலைஞர் அவர். அவர் கையிலும் அதே நீண்ட தொடர்பு இருந்தது. கட்டத்தில் நேராக நிறுத்தினால் அழிந்துபோவது இந்த ஒழுங்குதான்.

இப்போது திருத்தும் கை பழைய பதிவுகளையும் எட்டிவிட்டது. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருள், ஒரே டிராக்கில் கலந்து கிடக்கும் குரலையும் கிட்டாரையும் டிரம்ஸையும் தனித்தனியே பிரித்தெடுக்கிறது. அதைக் கொண்டு இசைத் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் 2022-இல் பீட்டில்ஸின் 'ரிவால்வர்' ஆல்பத்தைப் புதிதாகக் கலந்தார். கடிகார மணியை எடுக்க முடியவில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருமலையும் நாற்காலி முனகலையும் சுவடில்லாமல் அகற்றலாம். அகற்றக்கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அகற்றியே தீருவோம் என்பவர்கள், வெளிவந்த பழைய வடிவத்தைப் புதியதோடு சேர்த்து விற்பனையில் வைத்திருப்பதாவது கட்டாயமாகவேண்டும். 'ரிவால்வர்' பெட்டித் தொகுப்பில் 1966-இன் மோனோ வடிவம் ஒரு தனித்தட்டாக உள்ளே இருக்கிறது. இணையத்தில் பழைய பாடல்களை ஏற்றும் நிறுவனங்களுக்கு அதே வசதி உண்டு. கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு கோப்புதான்.